780ஜி பம்ப்பா, சாதா பம்ப்பா, பேனாவா? சென்சார் செலவைப் பார்த்து முடிவெடுங்கள்

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும்போது பேச்சு மூன்றில்தான் வந்து நிற்கும். தோலில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சென்சாரைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் மெட்ரானிக் 780ஜி, சென்சார் இல்லாமல் ஓட்டும் சாதா பம்ப், அரை யூனிட் பேனா. எங்கள் வீட்டில் ஓடுவது 780ஜி, சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் எல்லாருக்கும் அதைச் சொல்ல மாட்டோம்.

ஊசிக் குத்து குறையும், டோஸை மிகவும் நுணுக்கலாம் என்பதெல்லாம் எந்தப் பம்ப்புக்கும் பொருந்தும். 780ஜியின் பலம் ராத்திரியில் தெரியும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை சென்சார் அளவைப் பார்த்து பேசலை, அதாவது நாள் முழுக்கச் சிறிது சிறிதாகப் போகும் அடிப்படை இன்சுலினை, மாற்றும். ஏறினால் திருத்த டோஸும் அதுவே போடும். சாப்பாட்டுக்கு மட்டும் நாம்தான் கார்ப் (மாவுச்சத்து) கணக்கைத் தட்டி, சாப்பிட 15 நிமிடம் முன்னால் போலஸ் (ஒரே தடவையில் போகும் டோஸ்) கொடுக்க வேண்டும். நம்மூர்க் களிக்கு உருண்டையை எடை போட்டுக் கணக்குப் பார்த்தால் தப்பும், ஏனென்றால் தண்ணீர் தினம் ஒரு அளவு. கிண்டுவதற்கு முன் மாவை நிறுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் கேழ்வரகு மாவுக்கு சுமார் 35 கிராம் கார்ப்.

இனி செலவு. பம்ப் விலை லட்சங்களில் என்றாலும் ஒருமுறைதான். கடன் வாங்கியோ நன்கொடையிலோ சமாளித்துவிடுகிறார்கள். குடும்பத்தை அசைப்பது மாதச் சாமான். பம்ப்பிலிருந்து உடம்புக்கு இன்சுலின் கொண்டுபோகும் குழாய் செட்டை 2, 3 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆக மாதம் 10 முதல் 15 செட், அதே அளவு ரிசர்வாயர் (பம்ப்புக்குள் இன்சுலின் நிரப்பும் குப்பி). சென்சார் 7 நாள் வரும், மாதம் 4 அல்லது 5. சென்சார் அளவைப் பம்ப்புக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டியன் 3 சென்சார் என்றால் நாளுக்கு இரண்டு முறையாவது விரலில் குத்திச் சரிபார்க்க வேண்டும், கார்டியன் 4க்கு அந்த வேலை இல்லை. விலை பேசும்போதே எது தருகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள், ஸ்டிரிப் செலவும் அதில் அடங்கியிருக்கிறது.

கை இறுகும்போது முதலில் நிறுத்துவது சென்சாரைத்தான். நிறுத்திய அன்றே தானியங்கி நின்றுவிடும். பெட்டியில் எழுதியிருப்பது 780ஜி, ஓடுவது சாதா பம்ப். எனவே 12 மாதமும் சென்சார் வாங்க முடியுமா என்பதை மட்டும் முதலில் கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் பம்ப்பை விட்டுவிட்டு நேராகப் பேனாவுக்குப் போய்விடலாம். நடுவில் இருக்கும் சாதா பம்ப் எங்களுக்கு ஒப்பவில்லை. பம்ப்பின் ஆபத்து முழுதாக இருக்கிறது, தானியங்கியின் லாபம் இல்லை.

அந்த ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். பம்ப்பில் ஓடுவது சில மணி நேரமே வேலை செய்யும் வேக இன்சுலின் மட்டும். தோலுக்குள் இருக்கும் மெல்லிய குழாயான கேனுலா மடங்கினால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும். சின்னப் பிள்ளைக்கு பேசல் குறைவு என்பதால் அடைப்பு அலாரம் அடிக்கவே நேரமாகும். சுகர் 250க்கு மேல் போய், போலஸ் போட்டும் இரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லையா? பம்ப்பை நம்ப வேண்டாம். பேனாவில் ஊசி போட்டு, கீட்டோன் பார்த்து, செட்டை முழுசாக மாற்றுங்கள். படுக்கப் போகும்போது புது செட் போடாமல் காலையில் போட்டால், மடங்கியிருந்தால் பகலிலேயே தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை அப்படியே ரிசர்வாயரில் நிரப்பினால், சூடேறும்போது குமிழி வரும். வெளியே வைத்துக் குளிர் போன பிறகு நிரப்புங்கள்.

வெயிலும் ஒரு கணக்கு. சென்சார் பெட்டியை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டு அலமாரி அதற்கு ஆகாது, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுதான். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம், அவசரத்துக்கு ஓடி வாங்கிவிடலாம். அரூர், பென்னாகரம் என்றால் இரண்டு வாரச் சாமான் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

பேனாவுக்கு அந்தக் கவலை இல்லை. ஊசியும் கார்ட்ரிட்ஜும் தாலுகா ஊர் மருந்துக்கடையிலேயே சொல்லி வைத்தால் வந்துவிடும். அவ்வப்போது சென்சார் ஒட்டிப் பார்த்து டோஸைத் திருத்திக்கொள்ளலாம்.

780ஜி வந்தபோது அனுமதி 7 வயதிலிருந்து, நாளுக்கு மொத்தம் 8 யூனிட்டாவது தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு. அதைவிடச் சின்னப் பிள்ளை விஷயத்தில் எங்கள் அனுபவம் போதாது, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் சிரிஞ்சு விஷயத்தில் கவனம். பம்ப்புக்கும் பேனாவுக்கும் 100 யூனிட் இன்சுலின், அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட். அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அந்தச் சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை 4 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். பள்ளிக்கூடப் பையில் 100 யூனிட் இன்சுலினுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சை மட்டும் வையுங்கள், டீச்சரிடமும் காட்டிச் சொல்லிவிடுங்கள்.