டெம்போரல்: 40 நிமிட ஏஜென்ட் வேலையை நம்பி ஒப்படைக்கலாமா?

ஆடிட்டர் அலுவலகங்களுக்காக ஒரு ஏஐ ஏஜென்ட் (மொழி மாடலைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படிப்படியாக வேலை முடிக்கும் நிரல்) செய்து கொடுத்திருக்கிறோம். அதை டெம்போரல் என்ற மென்பொருளில் ஓட்டிப் பார்த்த அனுபவம் இது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஸ்கேன் செய்து ஏற்றினால் பக்கம் பக்கமாகப் படித்து, எது வாடகை, எது சம்பளம், எது முதலாளியின் சொந்தச் செலவு என்று பிரித்து வைக்கும், புரியாததை மட்டும் திருப்பிக் கேட்கும். ஒரு வருடத்து ஸ்டேட்மென்ட் என்றால் 40 நிமிடம் ஆகும். மாடல் பக்கம் நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும்.

இதை ஒரு வெப் ரிக்வெஸ்டுக்குள் அடக்க வழியே இல்லை. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரைச் சும்மா விட்டால் 60 விநாடியில் 504 (நேரம் முடிந்தது) என்று பிழை காட்டிவிடும், ஹெரோகு ரவுட்டர் 30 விநாடிதான் பொறுக்கும், அமேசானின் லாம்ப்டாவில் உச்சவரம்பே 15 நிமிடம், கூகுளின் க்ளவுட் ரன்னில் 60 நிமிடம். நாங்களும் டைம்அவுட்டை ஏற்றிக்கொண்டே போனோம், அப்புறம் வேலையைப் பின்னணியில் ஓடும் வரிசைக்கு (க்யூ) மாற்றினோம். ஒருநாள் 38-வது நிமிடத்தில் சர்வர் ரீஸ்டார்ட் ஆனது. வரிசையில் இருந்த வேலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஓடி, அதே ஸ்டேட்மென்ட்டுக்கு மாடல் கட்டணம் இரண்டு தடவை விழுந்தது. எந்தப் பக்கம் வரை முடிந்தது என்று எங்கேயும் எழுதி வைக்காதவரை எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் இதேதான் நடக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதை எழுதி வைக்கிற வேலையைத்தான் டெம்போரல் செய்கிறது. ஊபரில் கேடன்ஸ் என்ற பெயரில் இருந்ததிலிருந்து பிரிந்து வந்தது. கேடன்ஸை உருவாக்கிய மாக்சிம் ஃபதேயெவும் சமர் அப்பாஸும் 2019-இல் இதைத் தனி நிறுவனமாகத் தொடங்கினார்கள். சர்வர் எம்.ஐ.டி உரிமத்தில் இலவசம். வேலையின் போக்கை ‘வொர்க்ஃப்ளோ’ என்று சாதாரண பைதான் நிரலாக (கோடு) எழுதுகிறோம், மாடலைக் கூப்பிடுவது, டேட்டாபேஸில் எழுதுவது போன்ற வெளிவேலை ஒவ்வொன்றும் ‘ஆக்டிவிட்டி’. ஒவ்வொரு ஆக்டிவிட்டி முடிந்ததும் அதன் விடை சர்வரின் வரலாற்றில் பதிவாகிறது. பிரவுசருக்கு ஒரு ஐ.டி மட்டும் உடனே போய்விடும், நிலவரத்தை அது அவ்வப்போது கேட்டுக்கொள்ளலாம்.

முதல் வேலையாக நான் செய்தது, ஓடிக்கொண்டிருந்ததை நடுவில் கொன்று பார்த்ததுதான். 112 பக்க ஸ்டேட்மென்ட், 61-வது பக்கம் ஓடும்போது ஒர்க்கர் ப்ராசஸை (நம் கோடை ஓட்டும் நிரல்) கில் -9 கட்டளை கொடுத்துச் சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பவும் கிளப்பினேன். லோக்கலில், அதாவது நம் கணினியிலேயே, 8233 போர்ட்டில் நிலவரம் காட்டும் ஒரு திரை கிடைக்கும், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அசைவும் இல்லை. பயந்துவிட்டேன். ஆக்டிவிட்டிக்கு 2 நிமிடம் கெடு வைத்திருந்தேன், ஒர்க்கர் செத்தது சர்வருக்கு அந்தக் கெடு முடிந்தால்தான் தெரியும். இரண்டு நிமிடம் ஆனதும் அந்த வரியில் முயற்சி எண் 2 என்று மாறியது, 61-வது பக்கம் மறுபடி ஓடியது, அடுத்து 62. முதல் 60 பக்கத்துக்கு மாடலை ஒரு தடவை கூடத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தப் பழைய பில்லை நினைத்துக்கொண்டே இதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

அந்த 2 நிமிடக் காத்திருப்பையும் குறைக்கலாம். நீளமான ஆக்டிவிட்டிக்கு ஹார்ட்பீட் (உயிரோடு இருக்கிறேன் என்று அவ்வப்போது அனுப்பும் துடிப்பு) வைத்து 30 விநாடி கெடு கொடுத்தால், அதற்குள் துடிப்பு வரவில்லை என்றால் ஒர்க்கர் போய்விட்டது என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். துடிப்போடு பக்க எண்ணையும் சேர்த்து அனுப்பினால் அடுத்த முயற்சி அங்கிருந்தே தொடங்கலாம். எங்கள் ஓ.சி.ஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) படிக்கு இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது காத்திருக்கும் விதம். "இந்த 85,000 ரூபாய் கடனா, விற்பனையா?" என்று ஏஜென்ட் கேட்கிறது, ஆடிட்டர் நாளை மறுநாள்தான் பதில் போடுகிறார் என்று வையுங்கள். அதுவரை எந்தக் கனெக்‌ஷனும் திறந்திருக்க வேண்டியதில்லை, பதில் சிக்னலாக (வொர்க்ஃப்ளோவுக்கு வெளியிலிருந்து அனுப்பும் செய்தி) வந்ததும் விட்ட வரியிலிருந்து கோடு தொடரும். இதைச் சொந்தமாக ஒரு டேபிளும் க்ரானும் (குறித்த நேரத்தில் ஓடும் வேலை) வைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, சிரமங்கள். வொர்க்ஃப்ளோ கோடு பழைய வரலாற்றை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டப்படுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் அது ஒரே பாதையில்தான் போக வேண்டும், உள்ளே கணினி நேரத்தைக் கேட்பது, ராண்டம் எண் எடுப்பது, நெட்வொர்க்கைத் தொடுவது எதுவும் கூடாது. பழக ஒரு வாரம் பிடித்தது. ஆடிட்டர் பதிலுக்காக நாட்கணக்கில் காத்திருக்கும் வேலைகள் இருக்கும்போது நடுவில் ஒரு படியைச் சேர்த்து டெப்ளாய் செய்துவிட்டேன், வெர்ஷன் குறிக்க மறந்தது என் தவறு, பதில் வந்ததும் புது கோடு பழைய வரலாற்றோடு பொருந்தாமல் அவை அப்படியே நின்றுவிட்டன. பழைய கோடைப் போட்டதும் தொடர்ந்தன, எதுவும் தொலையவில்லை. இப்போது டெப்ளாய்க்கு முன் பழைய வரலாறுகளை இறக்கி, புது கோடில் ரீப்ளே செய்து பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை.

அளவு வரம்புகளையும் முதலிலேயே மனதில் வையுங்கள். ஒரு வேலையின் வரலாறு 51,200 நிகழ்வு அல்லது 50 எம்.பி, எது முந்துகிறதோ அதோடு நிறுத்தப்படும். வரிசையாக ஓடும் ஆக்டிவிட்டி ஒன்றுக்குச் சுமார் 6 நிகழ்வு ஆகும் என்பதால் எண்ணிக்கை எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஏஜென்ட்டுக்கு இடிப்பது எம்.பி கணக்கு. முழு உரையாடலையும் ஒவ்வொரு படிக்கும் தூக்கிக் கொடுத்தால் அது ஊதிக்கொண்டே போகும், ஒரு தடவை அனுப்பும் தரவுக்கும் 2 எம்.பி தான் வரம்பு, ஸ்கேன் செய்த ஒரு பக்கமே அதைத் தாண்டிவிடலாம். படத்தையும் உரையாடலையும் ஸ்டோரேஜில் வைத்து அதன் சாவியை (அடையாளப் பெயரை) மட்டும் அனுப்புங்கள்.

இன்னொன்று, ஆக்டிவிட்டி தோற்றால் எத்தனை முறை முயல்வது என்று நாம் சொல்லாவிட்டால் அது முயன்றுகொண்டே இருக்கும். மாடலைக் கூப்பிடத் தேவையான ஏ.பி.ஐ சாவி தப்பாக இருந்தாலும்தான். மாடலைக் கூப்பிடும் கிளையன்ட் லைப்ரரியும் தன் பங்குக்கு மறுபடி முயலும், ஓபன்ஏஐ பைதான் லைப்ரரி இயல்பாகவே 2 தடவை, அதைப் பூஜ்யமாக்கிவிட்டு டெம்போரலிடமே விட்டுவிடுங்கள். மெயில் அனுப்பிய கையோடு, முடிந்தது என்று சொல்வதற்குள் ஒர்க்கர் செத்தால் இரண்டாவது மெயிலும் போகும். அதைத் தடுக்கும் பொறுப்பு நம்முடையது.

லோக்கலில் ஒரே கட்டளையில் கிளம்பிவிடும். சொந்த சர்வரில் நடத்துவது வேறு கதை: போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு டேட்டாபேஸ் வேண்டும், ஷார்டு (வேலைகளைப் பிரித்து வைக்கும் பகுதி) எண்ணிக்கை தொடக்கத்தில் வைத்ததுதான், பிறகு மாற்ற முடியாது. ஆள் இல்லாவிட்டால் அவர்களுடைய க்ளவுடுக்கே போய்விடுங்கள்.

உங்கள் ஏஜென்ட் 3 நிமிடத்தில் மாடலை ஒரே தடவை கூப்பிட்டு முடிக்கிறது என்றால் இதெல்லாம் வேண்டாம், போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசை டேபிளும் ஒரு ஒர்க்கரும் போதும். பல படி, நடுவில் மனிதர் பதில், ஒவ்வொரு படிக்கும் காசு என்று இருந்தால் எடுங்கள். நான் 5-க்கு 4 கொடுப்பேன், அந்த ஒன்று டெப்ளாய் செய்யும்போதெல்லாம் வரும் பதற்றத்துக்காக.