பர்சனல் ஸ்டேட்மென்ட் திருத்தும் சேவை: கேள்விகளுக்காகவே பணம் கொடுக்கலாம்

அமெரிக்க ரெசிடென்சிக்கு (டாக்டர் படிப்புக்குப் பிறகான மருத்துவமனைப் பயிற்சி), இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவம்) விண்ணப்பித்தபோது பர்சனல் ஸ்டேட்மென்ட்டை, அதாவது நம்மைப் பற்றி நாமே எழுதும் கட்டுரையை, திருத்தித் தரும் ஆன்லைன் சேவை ஒன்றை எடுத்தேன். பெயர் சொல்லவில்லை. இதே மாதிரி நிறைய இருக்கின்றன, எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டியவை ஒன்றுதான்.

எனக்குக் கிடைத்த எடிட்டர் அருமையானவர். முதல் வரைவில் ஒரு வரியையும் மாற்றாமல், ஓரத்தில் கேள்விகளை மட்டும் எழுதி அனுப்பினார். "மருத்துவம் என் சிறுவயதுக் கனவு" என்ற வரிக்குப் பக்கத்தில், "இது எல்லோரும் எழுதுவது. வார்டில் நீங்கள் கவனித்தது என்ன?" என்று கேட்டிருந்தார்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, சர்க்கரை இறங்கி மயங்கி அடிக்கடி அட்மிட் ஆன ஒரு பெரியவரிடம், இன்சுலினை எப்படி ஏற்றுகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். கையில் இருந்தது, மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்ச். மருந்தோ மில்லிக்கு 100 யூனிட். ஒவ்வொரு முறையும் இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கிறது. கடைசிப் பத்தியில் ஒற்றை வரியாகக் கிடந்த இதை எடிட்டர்தான் கண்டுபிடித்து மேலே கொண்டுவரச் சொன்னார். "அதற்கப்புறம் என்ன செய்தீர்கள்?" என்றும் கேட்டார். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களை ஊசி போட்டுக் காட்டச் சொல்லும் பழக்கம் வந்ததை எழுதினேன். இன்டர்னல் மெடிசின் ஏன் என்பதற்குத் தனிப் பத்தியே தேவைப்படவில்லை. நோயாளியின் வயதையும் ஊரையும் எடுத்துவிடச் சொன்னதும் அவர்தான். இன்டர்வியூக்களில் இந்தச் சிரிஞ்ச் விஷயத்தைத்தான் விரும்பிக் கேட்டார்கள்.

குறைகளும் உண்டு. இரண்டாம் சுற்றில் முடிவுப் பத்தியைக் கனமான சொற்களால் மாற்றி எழுதியிருந்தார்கள். நான் பேசுகிற மாதிரியே இல்லை, திருப்பி அனுப்பினேன், சரிசெய்து தந்தார்கள். அப்புறம், தடித்த எழுத்தெல்லாம் போட்ட வேர்ட் ஃபைலாக வந்தது. ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் ஆன்லைன் தளமான ஈராஸில் (ERAS) வெறும் டெக்ஸ்ட்தான் சரிப்படும் என்பதால் நோட்பேடில் போட்டுச் சுத்தம் செய்தேன். ஈராஸ் 28,000 எழுத்துக்குறிகள் வரை இடம் தந்தாலும் ஒரு பக்கத்துக்குள் நிறுத்தியதில் அவர்கள் காட்டிய கண்டிப்பு பிடித்தது.

இதே நிறுவனம் முழுதாக எழுதித் தரும் பேக்கேஜும் விற்கிறது. அதன் பக்கமே போகாதீர்கள். எழுதியது நம் சொந்தப் படைப்பு என்று ஈராஸில் நாமே உறுதி கொடுக்கிறோம்.

இரண்டு ஸ்பெஷாலிட்டிக்கு விண்ணப்பிப்பவர்கள் ஸ்டேட்மென்ட்டை ஈராஸில் தனித்தனியாக ஏற்றி, எந்தப் புரோகிராமுக்கு (மருத்துவமனையின் பயிற்சித் திட்டம்) எது என்று ஒதுக்கலாம். ஆனால் இந்தத் திருத்தும் சேவையில் இரண்டாவதற்கும் முழுக் கட்டணம். எல்லோரும் விண்ணப்பிக்கும் செப்டம்பர் நெருக்கடியில் பதில் தாமதமாகிறது, ஜூலையிலேயே கொடுத்துவிடுங்கள்.