அக்னிவீரரா, குறுகிய கால அதிகாரியா? வெளியே வரும் நாளை வைத்து ஓர் அலசல்

ராணுவம் தனக்குச் சரிவருமா என்று யோசிக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் உடல்தகுதியைப் பற்றியே கேட்கிறார்கள். எந்த வயதில், கையில் என்னவோடு வெளியே வருவோம் என்ற கேள்வியையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும் என்பது என் கருத்து. வழிக்கு வழி விடை மாறுவது அங்கேதான்.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் 'அக்னிவீரர்' என்ற படைவீரராகப் பதினேழரை வயதிலேயே சேர முடியும். பணிக்காலம், பயிற்சியையும் சேர்த்து, நான்கே ஆண்டுகள். முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போக, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000 ஆகிறது. அரசும் சேவா நிதிக்குச் சமபங்கு செலுத்துவதால், விடைபெறும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள் என்பதால், தான் மீதி எழுபத்தைந்தில் ஒருவர் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவது நல்லது.

குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் அதிகாரியாக இருக்கும் குறுகிய காலப் பணியில் சேரப் பட்டப்படிப்பு வேண்டும். பாதுகாப்புப் படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறினாலும், ஆளுமையைச் சோதிக்கும் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. தேர்வைக் கடந்தாக வேண்டும். முதல் நாளில் தெளிவற்ற ஒரு படத்தை முப்பது வினாடி காட்டிவிட்டு, நான்கு நிமிடத்தில் அதைக் கதையாக எழுதச் சொல்வார்கள். பிறகு அதே கதையைக் குழுவில் பேசி, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே கதையாக்க வேண்டும். தன் கதையே வெல்ல வேண்டும் என்று குரலை உயர்த்துபவரும், வாயே திறக்காதவரும் அன்று மாலையே வீடு திரும்ப நேரிடலாம். தேர்வானவர்களுக்குச் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி; அதன்பின் 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு, ராணுவப் பணி ஊதியமாக மாதம் 15,500 ரூபாயும் பெறும் லெப்டினன்ட் பதவி.

இவ்வளவையும் பார்த்தவுடன் அதிகாரிப் பதவியே மேல் என்று தோன்றும். ஆனால் இதன் காலமும் பத்து ஆண்டுகள்தான். நீட்டித்தால் இன்னும் நான்கு. அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் பெற இருபது ஆண்டுப் பணி தேவை என்பதால், நிரந்தரப் பணி கிடைக்காதவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் முப்பத்தைந்து வயதை ஒட்டி, பணிக்கொடையோடு மட்டும் புது வேலை தேட வேண்டியிருக்கும். அக்னிவீரர் இருபத்திரண்டில் சந்திக்கும் அதே கேள்வியை, கூடுதல் அனுபவத்தோடும் கூடுதல் குடும்பப் பொறுப்போடும் இவர் சந்திக்கிறார்.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே மனம் உறுதியாக இருந்து, கணிதமும் கைவந்தால், கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) வழியாக நேராக நிரந்தரப் பணிக்கே போகலாம். அதைப் பத்தொன்பதரை வயதுக்குள் முயன்றுவிட வேண்டும்.

கல்லூரியில் படிக்க வழியுள்ளவர் பட்டத்தை முடித்துவிட்டு சி.டி.எஸ். எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. தம்பி தங்கை படிப்புக்கு இன்றே பணம் தேவைப்படும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அறிவுரை பயன்படாது. அவர் அக்னிவீரராகச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, ராணுவப் பயிற்சிக்கும் மதிப்பெண் தரும் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டத்தோடு இருபத்திரண்டில் வெளியே வந்தால், பரங்கிமலைக்கு முயல அவருக்கு இன்னும் வயது இருக்கும்.