ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கு எந்த டேக்: பேட்டரி உள்ளதா, இல்லாததா?

ஐசியூவிலிருந்து ஃபோன் வரும்: "சார், ஒரு சிரிஞ்ச் பம்ப் உடனே வேணும்." சிரிஞ்சிலுள்ள மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தும் இந்தக் கருவி ரெஜிஸ்டரில் 62 இருக்கும், கைக்கு ஒன்றுகூடச் சிக்காது. தேடிக்கொண்டு நான்காவது மாடிவரை போனால், பெட்ஷீட் அலமாரியில் துணிக்கு நடுவே இரண்டு கிடைக்கும். சிஸ்டர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த முறை கிடைக்காதே என்ற பயத்தில்தான் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். 300 படுக்கை உள்ள எங்கள் ஆஸ்பத்திரியின் பயோமெடிக்கல் பிரிவு, கருவியில் ஒட்டிய டேக்கை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி பக்கம் போனது இந்தத் தேடலுக்காகத்தான். பேட்டரி இல்லாத பாஸிவ், பேட்டரி உள்ள ஆக்டிவ் இரண்டையும் வைத்துப் பார்த்து, கடைசியில் பாஸிவை எடுத்தோம்.

பார்கோடு மலிவு. ஆனால் கண்ணில் பட்டால்தான் ஸ்கேன் செய்ய முடியும், துணிக்கு அடியில் கிடக்கும் பம்புக்கு அது உதவாது.

பாஸிவ் டேக்குக்குப் பேட்டரி கிடையாது. டேக்கைப் படிக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இதே வகைதான். ஆக்டிவ் டேக்கில் உள்ளேயே பேட்டரி இருப்பதால், சில விநாடிக்கு ஒருமுறை தானாகவே சிக்னல் விட்டுக்கொண்டிருக்கும். பம்ப் இப்போது எந்த அறையில் இருக்கிறது என்று திரையிலேயே தெரியும். பாஸிவில் ரீடர் வைத்த எந்த வாசலை எப்போது கடந்தது என்பது மட்டுமே தெரியும். டெமோ பார்க்கிற யாருக்கும் ஆக்டிவ்தான் பிடிக்கும். எனக்கும் பிடித்தது.

அப்புறம்தான் பேட்டரிக் கதை. சோதனைக்கு 60 ஆக்டிவ் டேக் வாங்கினோம். மூன்று வருடம் வரும் என்றார்கள். இடம் உடனுக்குடன் தெரியட்டும் என்று சிக்னல் இடைவெளியைக் குறைத்து வைத்தோம், பதினான்காம் மாதமே ஒவ்வொன்றாக அடங்க ஆரம்பித்தது. லித்தியம் பட்டன் செல்லின் குணம் அப்படி. வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, தீரும் நேரத்தில் சட்டென்று விழும். எச்சரிக்கை வந்தபின் அவகாசம் அதிகம் இருக்காது. செல்லை மாற்றவும் பம்ப் கையில் கிடைக்க வேண்டுமே! நோயாளிக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். ஒருமுறை திறந்து மூடிய டேக்கில், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும்போது ஈரம் இறங்கி, செல் உட்காரும் தகடு பச்சை பூத்திருந்தது.

எங்களிடம் இடம் மாறும் கருவிகள் சுமார் 400. ஒரு செல் இரண்டு வருடம் வந்தாலே வருடத்துக்கு 200 மாற்ற வேண்டும், வாரத்துக்கு நான்கு. எங்கள் பிரிவில் மொத்தம் மூன்று பேர். அதைவிடப் பெரிய தொல்லை, அடங்கிப்போன டேக் கடைசியாக இருந்த இடத்தையே திரை காட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அங்கே போனால் பம்ப் இருக்காது. இரண்டு முறை அப்படி ஏமாந்தவர் மூன்றாம் முறை திரையைப் பார்க்கவில்லை. பழையபடி அலமாரிதான்.

பாஸிவிலும் குறை உண்டு. உலோகத்தின்மேல் சாதாரண லேபிளை ஒட்டினால் ரீடர் படிக்காது. அதற்கென்றே வரும் தடித்த டேக் வேண்டும், அதன் விலை பல மடங்கு. சலைன் பாட்டில் மறைத்தாலும் சிக்னல் தேயும். பயப்பட வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு: ரேடியோ அலை மருத்துவக் கருவியின் வேலையையே கெடுக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் 41 மருத்துவக் கருவிகளை வைத்துச் செய்து 2008ல் வெளியான ஆய்வில், 123 சோதனைகளில் 34 இடையூறுகள் பதிவாகின. அவற்றில் 22 ஆபத்தானவை. 125 கிலோஹெர்ட்ஸ் ஆக்டிவ் முறையைவிட 868 மெகாஹெர்ட்ஸ் பாஸிவ் ரீடர்தான் அதிகம் தொந்தரவு செய்தது. நம் நாட்டு பாஸிவ் ரீடர்களும் அதை ஒட்டிய அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன. அதனால் ஐசியூவுக்குள் ரீடர் வைக்கவில்லை, வெளிவாசலோடு நிறுத்தினோம். கட்டிலருகே கை ரீடரை அழுத்தக்கூடாது என்று அதன் பிடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிறந்த குழந்தையை யாரும் தூக்கிப் போகாமலிருக்கக் காலில் டேக் கட்டுவது போன்ற, ஒரு நிமிடத் தாமதமும் ஆகாத வேலைக்கு ஆக்டிவ்தான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் அதை நாங்கள் வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது ஆறு வாசலில் ரீடர் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஒருவர் கை ரீடரோடு வார்டுகளைச் சுற்றி வருவார். மர அலமாரி என்றால் கதவைத் திறக்காமலே உள்ளே இருக்கும் பம்ப் பீப் அடிக்கும். இரும்பு பீரோவை மட்டும் சாவி வாங்கித் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.