"60 சதவீத ஸ்காலர்ஷிப்போடு கம்போடியா சேவைப் பயணம்": பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் தங்கை திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கிறாள். 2024 டிசம்பரில் ஒரு ஏஜென்சி மூலமாக இரண்டு வாரம் கம்போடியா போய், சியெம் ரியாப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். பணம் கட்டியது நான். அம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன். இந்த லீவுக்கும் அதே ஆட்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் அதே போஸ்டரைச் சுற்றவிட்டிருக்கிறார்கள் என்று தங்கை காட்டினாள், அதனால் எழுதுகிறேன்.

போஸ்டரில் கட்டணம் 2,40,000 ரூபாய். தங்கைக்கு "நேர்முகத் தேர்வு" என்று போனில் பத்து நிமிடம் பேசினார்கள். மறுநாளே, உங்களுக்கு 60 சதவீத ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது, 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று மெயில். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, வந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் அதே 60 சதவீதம். முழுக் கட்டணம் கட்டியவர் ஒருவர்கூட இல்லை. உண்மையான விலையே 96,000தான். மிச்சம் 1,44,000 போஸ்டரில் மட்டும் இருந்த பணம்.

அந்த 96,000-க்கு மேல் ஸ்காலர்ஷிப் பிராசஸிங் என்று 4,500, ஜிஎஸ்டி 4,800, டிசிஎஸ் 5,040. விமான டிக்கெட் தனி, பாங்காக் வழியாக 34,000. டிசிஎஸ் என்பது வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு நம்மிடம் வசூலித்து நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். சரி, அதாவது திரும்பி வருமே என்று 2025 ஜூலையில் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் என் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தேன். அதில் இந்த டிசிஎஸ் பதிவே இல்லை. வசூலித்த 5,040 ரூபாயை அவர்கள் என் பான் எண்ணில் கட்டவே இல்லை. யாராவது இவர்களிடம் ஏற்கெனவே ஏமாந்திருந்தால் முதலில் உங்கள் 26ஏஎஸ்-ஐப் பாருங்கள்.

பணத்துக்கு வழியும் அவர்களே சொன்னார்கள். ஒன்று, கல்விக் கடன். பேங்க் மேனேஜர் நிதானமாகவே விளக்கினார்: கல்விக் கடன் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான், இரண்டு வார சர்டிபிகேட்டுக்கு இல்லை. இன்னொன்று, சொந்தபந்தத்திடம் நன்கொடை. அதற்கு எழுதிவைத்த கடிதமே கொடுத்தார்கள், "கம்போடிய ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்று. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கேட்க உதவும் 80ஜி ரசீது தருவதாகவும் சொன்னார்கள். நம்பி 22,000 திரட்டினோம். 80ஜி பதிவு பெற்ற அறக்கட்டளை போன்ற அமைப்புதான் அந்த ரசீதைத் தர முடியும், இவர்கள் வெறும் டூர் கம்பெனி. சித்தப்பா வரி கட்டும் நேரத்தில் ரசீது கேட்டார், என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அவர் கொடுத்தது குழந்தைகளுக்கு என்று நினைத்து, போனது எங்கள் பேக்கேஜுக்கு.

குழந்தைகளுக்கு எவ்வளவு போனது? இல்லத்தில் இருந்த பொறுப்பாளரிடம் தங்கை கேட்டிருக்கிறாள். ஒரு ஆளுக்கு வாரம் 100 டாலர் என்றாராம். இரண்டு வாரத்துக்கு நம் கணக்கில் சுமார் 17,000.

அப்புறம் அவள் சொன்ன இரண்டு விஷயம்தான் எனக்குப் பணத்தைவிட வலித்தது. முதல் நாள் ஆங்கிலப் பாட்டு ஒன்று சொல்லித்தரப் போயிருக்கிறாள். முதல் வரியை இவள் பாடி முடிப்பதற்குள் குழந்தைகள் மொத்தப் பாட்டையும் கை அசைவோடு பாடிவிட்டார்கள். ஒரு பெண் தன் நோட்டைக் காட்டினாளாம்: 'என் பெயர்', 'என் வயது' என்ற அதே முதல் பாடம், வேறு வேறு கையெழுத்தில், வேறு வேறு பேனாவில், பக்கம் பக்கமாக. இரண்டு வாரத்துக்கு ஒரு குழு வந்து அதே பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டுப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதே பெண்ணைப் பார்க்க அவள் அம்மா பைக்கில் வந்திருக்கிறார், கையில் வாழைப்பழச் சீப்போடு. அனாதை என்று எங்களிடம் சொல்லப்பட்ட குழந்தை.

திரும்பி வந்த பிறகு தேடிப் படித்தோம். கம்போடிய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் பல வருடமாகச் சொல்லிவருகிறது. வெளிநாட்டார் வருகையும் அவர்கள் தரும் பணமும்தான் இந்த இல்லங்களை வளர்க்கின்றன. முன்னாடியே படித்திருந்தால் அவளை அனுப்பியிருக்க மாட்டேன்.

சர்டிபிகேட்டில் ஐநா நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் சின்னமான வண்ணச் சக்கரம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் நம்பினேன். அந்தப் படத்தை இணையத்திலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம், ஐநா இவர்களுக்கு எந்த அங்கீகாரமும் தந்ததாக அர்த்தம் இல்லை. நிஜமான ஐநா தன்னார்வலர் திட்டம் விண்ணப்பத்துக்குக்கூடப் பணம் வாங்காது, களத்துக்கு எடுத்தால் மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கு அவர்கள்தான் நமக்குத் தருவார்கள். 1934 பீகார் நிலநடுக்கத்துக்கு வந்து வீடு கட்டிக்கொடுத்த சர்வதேச குடிமைச் சேவை அமைப்பு இன்றும் முகாம்கள் நடத்துகிறது. அங்கே சிறு கட்டணமும் பயணச் செலவும்தான் நம்முடையது, தங்குமிடமும் சாப்பாடும் முகாமில் கிடைக்கும். வேறு யார் கூப்பிட்டாலும், ஸ்காலர்ஷிப் பணத்தை யார் தருகிறார்கள், இல்லத்துக்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் ஆட்களிடம் இந்த இரண்டு கேள்வியை மெயிலில் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அது நகராததால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த டிசம்பர் குழுவில் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் அந்த 48 மணி நேர மெயிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். கமெண்டில் ஒரு வார்த்தை போடுங்கள், தங்கை உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.