பேனலில் ஜிபிஎஸ்ஸா, மடியில் டேப்லெட்டா?

டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே நிற்கும் ஒரு பழைய செஸ்னா 172 சிறு விமானத்தை மூன்று பேர் சேர்ந்து வைத்திருக்கிறோம். விமானிக்கு முன்னால் இருக்கும் கருவிப் பலகையில், அதாவது பேனலில், வழிகாட்ட இரண்டு விஓஆர் (தரை ரேடியோ நிலையத்தைப் பிடித்துத் திசை காட்டும் கருவி) மட்டும்தான். கார்மின் ஜிடிஎன் 650 மாதிரி ஒரு ஜிபிஎஸ் கருவியைப் பொருத்துவதா, ஆளுக்கொரு டேப்லெட்டில் விமானிகளுக்கான வரைபட ஆப்பான ஃபோர்ஃப்ளைட் போட்டுக்கொள்வதா என்று ஒரு மாதம் பேசி, டேப்லெட் பக்கம் போனோம். எனக்கு இன்றும் அதில் வருத்தமில்லை.

விலை தெரிந்த கதை: கருவியும் பொருத்தும் கூலியும் சேர்ந்தால் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். திரையும் டேப்லெட்டில்தான் பெரியது.

உண்மையில் முடிவைத் தீர்மானித்தது டேட்டாபேஸ். வான்வழித் தகவல்கள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. வருடத்துக்கு 13 முறை. பேனல் கருவி என்றால் சந்தா கட்டி, அதன் டேட்டா கார்டை உருவி, வீட்டுக் கணினியில் ஏற்றி, மறுபடி ஹேங்கருக்குப் போய்ச் செருக வேண்டும். கம்பியில்லாமல் ஏற்றும் வசதி உண்டு, அது தனிச் செலவு. மூன்று பேர் ஓட்டும் விமானத்தில் அந்தக் கார்டு யார் பொறுப்பு? முன்பு நான் வாடகைக்கு எடுத்த ஒரு விமானத்தில் ஸ்விட்சைப் போட்டதும் திரையில் வந்த தேதி, காலாவதியாகி இரண்டு மாதம் ஆனதைக் காட்டியது. அடுத்தவர் செய்வார் என்று எல்லோரும் விட்டிருக்கிறார்கள். டேப்லெட்டில் முந்தின இரவு வைஃபையில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். எந்த விமானத்தில் ஏறினாலும் அதே வரைபடம் கூடவே வரும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ தன் வரைபடங்களை இலவசமாக வெளியிடுவதால், ஆண்ட்ராய்டில் அவேர் போன்ற இலவச ஆப்பும் உண்டு.

அப்புறம், ஐபேட் வாங்குவதாக இருந்தால் செல்லுலார் மாடலைப் பாருங்கள். வைஃபை மட்டும் உள்ளதில் ஜிபிஎஸ் சிப் கிடையாது. சிம் போடத் தேவையில்லை.

டேப்லெட்டின் பலவீனம் வெயில். ஓர் ஆகஸ்ட் மதியம் ஃபிரெடெரிக்ஸ்பர்க் போகும் வழியில், முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தது சூடேறி அணைந்துவிட்டது. இப்போது தொடையில் பட்டை போட்டுக் கட்டி, காற்றுத் துவாரத்தை அதன் பக்கம் திருப்பிவிடுகிறேன். ஃபோனிலும் அதே ஆப் தயாராக இருக்கும்.

மேகத்துக்குள் கருவிகளை நம்பி இறங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே டேப்லெட்டை முதன்மை வழிகாட்டியாக வைத்துக்கொள்ள முடியாது. ஜிபிஎஸ் பிழையைச் சரிசெய்யும் வாஸ் திருத்தம் பெறும் பேனல் கருவியோ, வசதியுள்ள ஓடுபாதைகளில் எல்பிவி என்ற ஜிபிஎஸ் இறங்குமுறையில் 200 அடி உயரம் வரை இறக்கிவிடும். அந்த வகையில் நான் பறந்தது பயிற்றுநரோடு சில மணி நேரம்தான், அதனால் அதை அன்றாடம் செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்னல் போனால் இரண்டும் ஒன்றுதான். 2022 அக்டோபரில் டாலஸ் பக்கம் ஜிபிஎஸ் குழம்பியபோது அதைத்தான் பார்த்தோம். தரை நிலையத்தைப் பிடிக்கும் அந்த இரண்டு விஓஆர் ஊசிகளையும் கழற்றாமல் விட்டிருக்கிறோம்.