ஸ்கோடிஸ் துளைப் பலகை: இரண்டு பேர் புழங்கும் சமையலறைக்கு

ஐக்கியா கடையில் விற்கும் ஸ்கோடிஸ், கொக்கி மாட்டிப் பொருட்களைத் தொங்கவிடும் துளைப் பலகை. அதைப் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பு மேசைக்கு மேலேதான் மாட்டுகிறார்கள். நான் அதைச் சமையலறைக்கென்று வாங்கினேன். மாட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவனும் மனைவியும் நாள் முழுக்க ஒரே சமையலறையில் புழங்குகிற வீடுகளுக்கு இதை மனதாரச் சிபாரிசு செய்கிறேன். ஆனால் வாங்கிய கையோடு அப்படியே மாட்டினால் பாதிப் பயன்தான். மீதிப் பாதிக்கு நாம் ஒரு வேலை செய்ய வேண்டும்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில், நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. நான் வேலைக்குப் போன காலம் முழுக்கச் சமையலறை என் மனைவியின் கையில் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். ஓய்வுக்குப் பிறகு காலைப் பலகாரம், காய் நறுக்குவது, பாத்திரம் கழுவி அடுக்குவது எல்லாம் என் பங்காயின. பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. தோல் சீவியை அவர் மேல் இழுப்பறையில் வைப்பார், நான் கழுவியதும் கரண்டிக் கூடையில் போடுவேன். கேஸ் லைட்டர் அடுப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தினமும் ஒரு கேள்வி. மசாலா பாக்கெட் வெட்ட எடுத்த கத்தரிக்கோல் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கிடக்கும். பால் பொங்கி வரும்போது இடுக்கியைத் தேடுவது சின்ன விஷயம் இல்லை. “என்னங்க, எங்கே வச்சீங்க?” என்று அவர் கேட்பதும், “நான் எடுக்கவே இல்லையேம்மா” என்று நான் சொல்வதும் எங்கள் இரண்டு பேருக்குமே வருத்தமாக இருந்தது. இத்தனைக்கும் இருவருமே பொருளைக் கண்ட இடத்தில் போடுகிறவர்கள் இல்லை. ஒரே பொருளுக்கு அவர் ஓர் இடம் வைத்திருந்தார், நான் ஓர் இடம் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது விமானப் பராமரிப்பில். அந்தத் தொழிலில் ஒரு ஸ்பேனர் கணக்கில் வரவில்லை என்றால், அது கிடைக்கும்வரை விமானத்தை வெளியே விட மாட்டார்கள். இன்ஜினுக்குள் மறந்துபோன ஒரு திருப்புளி உயிரையே வாங்கிவிடும். அதனால் கருவிப் பெட்டிக்குள் ஃபோம் தட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டியிருக்கும். மேல் ஃபோம் கறுப்பு, அடி ஃபோம் மஞ்சள் அல்லது சிவப்பு. கருவியை எடுத்ததும் அந்த நிறம் பளிச்சென்று தெரியும். சுவர்ப் பலகையாக இருந்தால் கருவியின் வடிவத்தைப் பலகையிலேயே தீட்டியிருப்பார்கள். ஷேடோ போர்டு என்போம். வேலை முடியும்போது எண்ணிப் பார்ப்பதும் உண்டு, ஆனால் எண்ணுவதற்கு முன்பே எது வரவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. வயதான காலத்தில் நமக்கு வேண்டியதும் அதுதானே.

பெயர் ஒட்டிய டப்பா, இழுப்பறைக்குள் தடுப்பு, கரண்டி போடும் குவளை என்று பலதும் பார்த்துவிட்டுத்தான் பலகைக்கு வந்தேன். மூடிய இழுப்பறையில் எது இல்லை என்பது அதைத் திறக்கிற நேரம்வரை தெரியாது, திறக்கிற நேரமோ அவசரமான நேரமாகத்தான் இருக்கும். குவளையில் பத்துக் கரண்டி நிற்கும்போது பதினொன்றாவது வரவில்லை என்று யாருக்குத் தெரியும்?

இனி பலகையைப் பற்றி. இது மர நார் அட்டையில் வண்ணம் பூசியது. நீள்வட்டத் துளைகள் வரிசையாக இருக்கும். உயரம் 56 செ.மீ., அகலம் 36, 56, 76 செ.மீ. என்று மூன்று அளவுகள். கொக்கி, சிறு தட்டு, குவளை, கிளிப் எல்லாம் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். நான் தெம்பனிஸ் கடையில் 56க்கு 56 அளவை எடுத்தேன், பேருந்திலேயே கொண்டுவர முடிந்தது. சுவருக்கு ஏற்ற ஸ்க்ரூவையும் சுவர்த் துளைக்குள் போடும் பிளக்கையும் நாம்தான் தனியாக வாங்க வேண்டும், அவற்றுக்கு வட்டாரத்து ஹார்ட்வேர் கடையே போதும். எல்லாம் சேர்த்து ஐம்பது சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்தது.

சமையலறையில் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மர நார் என்பதால் இது தண்ணீருக்கு ஆகாது. கழுவுதொட்டிக்குப் பக்கத்துச் சுவர் வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம். நம் வீடுகளில் தாளிக்கிற புகை எந்தப் பலகையிலும் ஒட்டும், துளைகளுக்குள் படிந்த பிசுக்கைத் துடைப்பது பெரிய வேலை. நாங்கள் சாப்பாட்டு மேசைக்கு எதிரே, குளிர்பதனப் பெட்டிக்கு அடுத்த சுவரைத் தேர்ந்தெடுத்தோம். சாப்பிட உட்கார்ந்தால் பலகை முழுதும் கண்ணில் படும். அந்த இடம் தானாக அமைந்த நல்ல இடம்.

டைல் ஒட்டிய சுவரில் துளை போடுவது பொறுமையான வேலை. நான் முதலில் கூப்பிட்ட ஆள் டைல் மேலேயே ஹேமர் முறையில், அதாவது இடித்துக்கொண்டே துளைக்கிற முறையில், டிரில்லை வைத்தார், டைலின் ஒரு முனை தெறித்துவிட்டது. அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு நானே செய்தேன். துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் டிரில்லின் துளைக்கும் முனை, அதாவது பிட், வழுக்காது. டைல் பிட்டைப் போட்டு, ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் டைலைக் கடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கான்கிரீட் பிட்டும் ஹேமரும். உள்ளே தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வீவக விதிப்படி ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் இந்த வேலை கூடாது, மற்ற நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 6 மணிவரை செய்யலாம். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. உயரம்? என் மனைவியின் கைக்கு எட்டும் உயரத்துக்கே மாட்டினோம். நான் கொஞ்சம் குனிந்து எடுக்கிறேன், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்புறம், நான் சொன்ன அந்த மீதிப் பாதி வேலை. இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து, தினமும் தேடுகிற பொருட்களை மட்டும் எடுத்து வைத்தோம்: தோல் சீவி, கத்தரிக்கோல், லைட்டர், இடுக்கி, டீ வடிகட்டி, தோசைத் திருப்பி, டின் ஓப்பனர், மத்து. எது எங்கே தொங்க வேண்டும் என்று முடிவு செய்தது என் மனைவி. பிறகு கறுப்பு ஒட்டும் தாளில் ஒவ்வொரு பொருளையும் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு, வெட்டி, பலகையில் ஒட்டினேன். கொக்கி வரும் துளையை மட்டும் பிளேடால் கீறித் திறக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் கறுப்பு உருவம். இடுக்கியை எடுத்தால் இடுக்கியின் உருவம் அங்கேயே நிற்கும், அது திரும்பி வரும்வரை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து எழும்போது யாராவது ஒருவர் பலகையைப் பார்த்து, “வடிகட்டி வரலையே” என்போம். அது கழுவுதொட்டியில்தான் இருக்கும். காலையில் தண்ணீர் கொதித்த பிறகு தேடும் நிலை இல்லை. “நீங்கதானே எடுத்தீங்க” என்ற பேச்சே வீட்டில் அடங்கிவிட்டது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவினார்கள். எதை எங்கே வைப்பது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. உருவத்தைப் பார்த்து அதனதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

கொக்கியில் சிக்கனம் வேண்டாம். வேறொரு கடையில் மலிவாகக் கிடைத்தவற்றை வாங்கினேன், பொருளை எடுக்கும்போது கொக்கியும் கூடவே வந்தது. இந்தப் பலகைக்கென்றே செய்தவற்றை வாங்கியதும் சரியாகிவிட்டது. கனமான இரும்புத் தோசைக்கல், குழவி போன்றவற்றை நாங்கள் இதில் மாட்டுவதில்லை. கத்திகளையும் மாட்டவில்லை, பேரப்பிள்ளைகள் வருகிற வீடு. மூக்குக் கண்ணாடி, மருந்து டப்பா, பேருந்து அட்டை ஆகியவை சமையலறைக்குச் சொந்தமில்லாதவை என்றாலும் அங்கேதான் வந்து சேர்கின்றன. அவற்றுக்குக் கீழ் வரிசையில் ஒரு குவளை மாட்டியிருக்கிறோம். அது பரவாயில்லை என்றுதான் சொல்வேன், உருவம் ஒட்டிய பொருட்கள் அளவுக்கு அது ஒழுங்காக இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இடம் மாற்றி வைத்து, கொஞ்சம் யோசித்து, தேடி எடுப்பது எல்லா வயதிலும் நடப்பது. இஸ்திரிப் பெட்டி குளிர்பதனப் பெட்டிக்குள் இருப்பது, கடைசியாக எங்கே போனோம் என்று நினைவைப் பின்னோக்கிக் கொண்டுபோகவே முடியாமல் இருப்பது, திருடிவிட்டார்கள் என்று வீட்டாரையே சந்தேகப்படுவது இவையெல்லாம் வேறு, டிமென்ஷியா என்கிற மறதி நோயாக இருக்கலாம். அதற்குப் பலகை வாங்காதீர்கள், பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போங்கள். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பிடமும் ஆலோசனை கேட்கலாம்.

எந்த அளவை வாங்குவது என்று கேட்டால், இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 56 செ.மீ. போதும். 76 வாங்கினால் காலி இடம் கண்ணை உறுத்தி, தேவையில்லாததையெல்லாம் மாட்டத் தோன்றும். குடைக்கும் சாவிக்கும் வாசல் பக்கம் ஒன்று வேண்டும் என்று என் மனைவி கேட்டிருக்கிறார். அதற்கு 36 செ.மீ. வாங்கப் போகிறேன். அங்கே டைல் இல்லாத சுவர், வேலை சுலபம்.